பெண்கள் பக்கத்து முட்டு

எங்கள் கோயிலில் பெயர் எழுதாமல் இருக்கிற ஜீவன்கள் பல்லியும் கரையானும் மட்டும்தான். மற்றபடி எதைத் தொட்டாலும் யாராவது ஒருவருடைய நினைவு கையில் ஒட்டும். பெஞ்சின் முதுகில் அதை வாங்கிக்கொடுத்த ஒரு குடும்பம், மைக் ஸ்டாண்டின் அடியில் ஒரு குடும்பம், மின்விசிறியின் இறக்கையில் ஒரு குடும்பம். விசிறி சுற்றும்போது அப்பா பெயர் தெரியவில்லை என்று ஒரு அம்மா கமிட்டியில் வந்து அழுது, அதன் மேல்கிண்ணத்தில் இன்னொரு தடவை எழுதி வாங்கிக்கொண்டு போனார். இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. சரி, கிண்டலுக்கும்தான் சொல்கிறேன்.

சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். தெற்கத்திக் கிறிஸ்தவர்கள் ரயிலேறி வந்து தாம்பரத்தில் இறங்கியபோது மூட்டையோடு கொண்டுவந்த சொல் அது. கட்டடம் எங்களுக்கு முந்தியது. வெள்ளைக்காரன் காலத்தில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில், செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, மேலே தேக்குச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்து, மங்களூர் ஓடு வேய்ந்தது. அந்த முக்கோணத்துக்கு டிரஸ் என்று பெயர். ஒவ்வொரு டிரஸ்ஸின் இரண்டு முனைகளும் இரண்டு பக்கத்துச் சுவர்களுக்குள் உட்கார்ந்திருக்கும். கூரையின் மொத்தக் கனமும் அந்த முனைகளில்தான் இறங்குகிறது. முனை நன்றாக இருக்கும்வரை கூரை நிற்கும். இதில் இறையியல் ஒன்றும் கிடையாது.

நான் அரசாங்கத்தில் கட்டட வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கோயில் கமிட்டியில் பெண் ஒருத்தி இருந்தே ஆகவேண்டும் என்று விதி இருந்ததால் என்னை நிறுத்தி ஜெயிக்கவைத்தார்கள். பெண் என்பதற்காக என்னை எடுத்தவர்கள் நான் இன்ஜினியர் என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். முதல் கூட்டத்திலேயே செயலாளர் சொன்னார்: "மேடம், நீங்க பில்டிங்கைப் பாத்துக்குங்க. பெயின்ட் கலர் எல்லாம் லேடீஸ்தான் நல்லா செலக்ட் பண்ணுவாங்க."

செயலாளரைப் பற்றிச் சொல்லவேண்டும். மறைமலை நகரில் கார்களுக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தார். தொழிற்சாலைக்குள் ஹெல்மெட் போடாத ஆளைக் கண்டால் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவாராம். அதைப் பெருமையாகச் சொல்வார். கோயிலுக்கு ஏசி வந்தபோது, தன் தகப்பனார் நினைவாக உட்கூரை போட்டுக்கொடுத்ததும் அவர்தான். வெள்ளை வெளேரென்று ஜிப்சம் பலகை, அதற்குள் பதித்த விளக்குகள், வாசலில் சலவைக்கல்லில் பெயர். அன்றிலிருந்து தேக்கு டிரஸ்களை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. மேலே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு மூடி மட்டும் விட்டிருந்தார்கள், அதுவும் ஏசிக்காரன் கேட்டதால்.

கோயிலைப் பெருக்கி, மணியடித்து, கதவு திறந்து பூட்டுகிறவரைக் கோயில்குட்டி என்பது எங்கள் வழக்கம். நாற்பது வயதைத் தாண்டிய மனுஷனைக் குட்டி என்று கூப்பிட எங்களுக்குக் கூச்சமே வந்ததில்லை. இவர் தெற்கத்தி ஆள் இல்லை, பீர்க்கன்கரணையில் பிறந்து வளர்ந்தவர். மனைவியோடு கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையும் அடுப்படியும் கொண்ட வீட்டில் இருந்தார். வேலை போனால் வீடும் போகும் என்கிற ஏற்பாடு. ஆராதனையில் ஆயர் எதைச் சொன்னாலும் பின்வரிசையிலிருந்து முதல் "ஆமென்" அவருடையதாக இருக்கும். சிலருக்கு அது சிரிப்பு. எனக்கும் ஆரம்பத்தில் சிரிப்புத்தான் வந்தது.

மழை தொடங்கிய ஐப்பசியில் ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, பெண்கள் பக்கத்தில் முன்வரிசைகளுக்கு மேலே உட்கூரையில் டீ கொட்டியதுபோல் பரவியிருந்த கறையைக் காட்டினார்.

"இன்னான்னு பாருக்கா. மழ வுட்டும் சொட்டிகினே கீது. நான் பக்கெட் வச்சா, ஃபோட்டோல அசிங்கமா வருதுன்னு எடுக்க சொல்றாங்கோ."

ஏணி போட்டு மூடியைத் திறந்து ஏறினேன். இந்த வயதில் ஏறவேண்டுமா என்று என் கணவர் கேட்டதற்கு, விழுந்தால் நினைவாக ஒரு ஏணி வாங்கிக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். உள்ளே வௌவால் நாற்றம். டார்ச் அடித்துக்கொண்டு சட்டத்தின் மேல் தவழ்ந்து சுவர் ஓரத்துக்குப் போனேன். ஓட்டுத் தண்ணீர் வழிந்தோடவேண்டிய தகரக் கால்வாயில் ஓர் அரசங்கன்று முழங்கை உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. சுண்ணாம்புச் சுவராக விட்டிருந்தால் வெயிலில் உலர்ந்திருக்கும். அதன் மேல் யாரோ ஒரு புண்ணியவானின் நினைவாக சிமென்ட் பூசி, பளபளவென்று பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வாசலில்லை. டிரஸ்ஸின் முனை அந்த ஈரத்திலேயே வருஷக்கணக்காக ஊறியிருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். அவித்த கிழங்குக்குள் போவதுபோல் பிடிவரைக்கும் போனது.

நான் இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் மாமியார், நாத்தனார், பாடகர் குழுவில் பாடும் சின்னப்பெண்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த முனைக்கு அடியில்தான் உட்காருகிறார்கள்.

கமிட்டியில் சொன்னேன். ஃபோட்டோ காட்டினேன். கோயிலை மூடிவிட்டு, பக்கத்து மண்டபத்தில் ஆராதனை வைத்துக்கொண்டு, ஓடுகளை இறக்கி டிரஸ்ஸைச் சரிசெய்யவேண்டும் என்றேன். "கோயிலை மூடி" என்ற வார்த்தையில் எல்லோருடைய முகமும் மாறிவிட்டது. ஏதோ நான் சாத்தானுக்கு வக்காலத்து வாங்கி வந்தவள் மாதிரி பார்த்தார்கள்.

"இத்தனை வருஷமா ஒருநாள்கூட ஆராதனை நின்றதில்லையேம்மா," என்றார் ஆயர். மென்மையான மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார், அதனாலேயே யாருக்கும் பயன்படமாட்டார். "இது ஜெபத்தோட எடுக்கவேண்டிய தீர்மானம். ஜெபத்தில வைப்போம்."

வெளியாட்களுக்கு இது புரியாது, அதனால் விளக்குகிறேன். எங்கள் கமிட்டியில் ஒரு காரியத்தை ஜெபத்தில் வைப்பது என்றால் கிடப்பில் போடுவது என்று அர்த்தம். வேண்டாம் என்று நேராகச் சொன்னால் சண்டை வரும். ஜெபத்தில் வைத்துவிட்டால் யார் எதிர்ப்பேச்சுப் பேசமுடியும்? கழிவறைக்குக் கதவு கேட்டது ஜெபத்தில் இருந்தது. மின்சார வயர்களை மாற்றுவது எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே ஜெபத்தில் இருந்தது. உட்கூரைக்கு மட்டும் ஜெபம் தேவைப்படவில்லை, ஒரே கூட்டத்தில் நிறைவேறியது. ஆண்டவரின் சந்நிதியில் எங்கள் கோயிலின் ரிப்பேர் வேலைகள் மட்டும் ஒரு பெரிய அலமாரி நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் வேலை செய்யும். மறுநாள் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருந்த சென்ட்ரிங் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் பழைய ஊர்க்குடும்பம். அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில்தான் இப்போது கடையும் காம்ப்ளெக்ஸும் நின்றன. நெற்றி நிறைய விபூதி. கான்கிரீட் காயும்வரை தளத்தைத் தாங்கி நிற்குமே, திருகி உயரம் கூட்டும் இரும்புத் தூண், அந்த ஜாக்கி நான்கு வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

"எந்த சாமியா இருந்தா இன்னாங்க மேடம், தலமேல வுழுந்தா மண்ட ஒடையும்," என்று சொல்லி, வண்டியில் ஏற்றி ஆளையும் கூட அனுப்பினார். அந்தக் கமிட்டியில் இருந்த அத்தனை பேரைவிட அன்றைக்கு எனக்கு அந்த விபூதி பெரிதாகத் தெரிந்தது.

ஒரு வேலைநாளில், யாரிடமும் கேட்காமல், அழுகிய முனைக்கு அடியில் முட்டு கொடுத்தேன். ஜாக்கியின் தலை டிரஸ்ஸைத் தொடவேண்டுமானால் நடுவில் இருக்கும் உட்கூரையைத் துளைக்கவேண்டும். துளைத்தேன். வெள்ளைப் பலகையில் நான்கு வட்ட ஓட்டைகள். கோயில்குட்டி கீழே ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு, தலையெல்லாம் ஜிப்சம் மாவு கொட்ட, "சார் பாத்தார்னா பேஜாராயிடும்க்கா," என்றார். ஆனால் பிடித்துக்கொண்டார்.

சார் பார்த்தார். நான் கூரைக்கு முட்டு கொடுத்ததை அவர் பார்க்கவே இல்லை. அப்பாவின் சீலிங்கில் ஓட்டை போட்டதைத்தான் பார்த்தார். அடுத்த கூட்டத்தில் கண் கலங்கப் பேசினார். ஆயரும் மற்றவர்களும் அவரைச் சமாதானப்படுத்தினார்கள். ஆளாளுக்கு அவருக்கு முட்டுக் கொடுத்த வேகத்தில், கூரைக்கு நான் கொடுத்த முட்டு ஒரு குற்றமாகிவிட்டது. ஒருவர் என்னைப் பார்த்து, "மேடம் எதுக்கெடுத்தாலும் முட்டுக்கட்டை," என்று ஜோக் அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வாலிபர் கூட்டத்தில் எனக்கு அதுவே பட்டப்பெயர் என்று என் நாத்தனார் மகள் சொன்னாள்.

இருந்தாலும் ஜாக்கிகள் நின்றன. கிறிஸ்துமஸ் முடிந்ததும் ரிப்பேரைப் பற்றி யோசிப்பதாக ஒருவழியாகத் தீர்மானம் ஆனது. பெண்கள் அந்தத் தூண்களுக்குப் பழகிப்போனார்கள். திருகுக் கம்பியில் கைப்பை மாட்டினார்கள், மழைநாளில் ஈரக்குடை தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் நான் முதல் ஆளாகப் போய் ஜாக்கியைக் கையால் தட்டிப் பார்ப்பேன். கெட்டியாக இருக்கும். அதற்குப் பிறகுதான் எனக்குப் பாட்டே வாயில் வரும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான ஆகமன காலம் தொடங்கிவிட்டால் எங்களில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதனால் அதற்கு முந்தைய வாரங்களில் நெருக்கியடித்துக் கல்யாணங்கள் நடக்கும். அப்படி ஒரு சனிக்கிழமை செயலாளரின் மகளுக்குக் கல்யாணம் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை. செயலாளர் என் வீட்டுக்கே வந்து காபி குடித்தார்.

"ரெண்டு மணி நேரம்தான் மேடம். சர்வீஸ் முடிஞ்சதும் திருப்பி வச்சுடலாம். பொண்ணு நடந்து வர்ற ஷாட்ல நாலு ஜாக்கி நின்னா, ஏதோ கட்டட வேலை நடக்கற இடத்துல கல்யாணம் பண்ண மாதிரி இருக்கும்."

"கட்டட வேலை நடக்கவேண்டிய இடம்தான் சார் அது. உங்க ஃபேக்டரியில ரெண்டு மணி நேரத்துக்கு மெஷினோட சேஃப்டி கார்டைக் கழட்டிக்கிறேன்னு ஒருத்தன் கேட்டா விடுவீங்களா?"

"அது ஃபேக்டரி மேடம். இது கர்த்தருடைய ஆலயம்."

இந்தப் பதிலை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே நம்பினார். தொழிற்சாலையில் இரும்பு விழும், கோயிலில் விழாது. நடிப்பவனோடு சண்டை போட்டுவிடலாம், நம்புகிறவனை என்ன செய்வது? அவருக்கு மகள் மேல் இருந்த ஆசையும் எனக்குத் தெரியாமல் இல்லை. மகளை அந்த அழுகிய முனைக்கு அடியில் நிறுத்திப் பாருங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, முடியாது என்று மட்டும் சொன்னேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில்குட்டி ஃபோன் செய்தார். "அக்கா, டெகரேசன்காரனுங்க ஜாக்கிய கயட்டிகினு கீறானுங்க. மேடம கேளுங்கடான்னு சொன்னா, சார் சொல்ட்டாரு, நீ யார்ரான்றானுங்க."

ஆட்டோ பிடித்து ஓடினேன். அதற்குள் நான்கும் வெளியே வேப்பமரத்தடியில் கிடந்தன. ஓட்டைகளை மறைத்து வெள்ளைப் பூக்களைப் பந்தாகக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. நான் கத்தினேன். ஏணியில் நின்ற பையன்கள் பயந்து இறங்கிவிட்டார்கள். ஆயர் வந்து, என் கையைப் பிடிக்காத குறையாக, "பிள்ளையின் கல்யாணத்துல மனசு நோகும்படி எதுவும் வேண்டாம்மா. நாளை மத்தியானம் திருப்பி வைக்கச் சொல்லியிருக்கேன். நான் பொறுப்பு," என்றார்.

சனிக்கிழமை நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய், உள்ளே நுழையாமல், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முன்னதாக முன்வரிசைப் பெண்கள் சிலரிடம் ஆண்கள் பக்கம் போய் உட்காரச் சொல்லியிருந்தேன். மரியாதைக்கு எழுந்து போனவர்களை, முன்பெஞ்ச் காலியாக இருந்தால் வீடியோவில் நன்றாக இருக்காது என்று சொல்லி வரவேற்புக்காரர்கள் திரும்பக் கூட்டிவந்து உட்காரவைத்தார்களாம். மின்சார ரயில் ஒன்று போகும்போதெல்லாம் எழுந்து நின்று கூரையைப் பார்த்தேன். உள்ளே பாட்டு, பிரசங்கம், மோதிரம், கைதட்டல் எல்லாம் நடந்தன. ஒன்றும் விழவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

செயலாளர் நேராக என்னிடம் வந்து கை குவித்தார். "பாத்தீங்களா மேடம்? கர்த்தர் பெரியவர்."

எனக்கு உயிர் வந்தது. அதே நேரத்தில் அவமானமாகவும் இருந்தது. நிம்மதியும் அவமானமும் ஒரே தொண்டையில் மாட்டிக்கொண்டால் பிரியாணி இறங்காது. சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சொன்னபடி ஜாக்கிகளைத் திருப்பி வைக்கவில்லை. சாமான் எடுத்துப்போக வந்த வேறு ஆட்கள், கல்யாண வேலைக்கு வந்த வாடகைச் சாமான் என்று நினைத்து, நாற்காலி மேஜையோடு அவற்றையும் வண்டியில் ஏற்றிப்போய், தூணில் எழுதியிருந்த பெயரைப் பார்த்துச் சென்ட்ரிங் கடையிலேயே இறக்கிவிட்டார்கள். வேலை முடிந்துவிட்டதாக்கும் என்று கடைக்காரர் ஊரப்பாக்கத்தில் ஒரு கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார். ஆயர் விருந்தில் இருந்தார். பொறுப்பு என்றவர் வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று இரவு முழுக்க மழை கொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய்ப் பார்த்தபோது பூப்பந்துகள் மட்டும் தொங்கின. கடைக்கு ஃபோன் போட்டேன். "தெரியாம அனுப்ச்சிட்டேன் மேடம், நாளைக்கு காலீல மொத வேலையா வேற செட்டு அனுப்பறேன்," என்றார் பாவம். ஆராதனையை மண்டபத்துக்கு மாற்றச் சொல்லி ஆயரிடம் கெஞ்சினேன். நேற்று நின்றது இன்றைக்கு நிற்காதா என்றார். அன்றும் நின்றது. கோயில் நிறைய ஜனம். நான் மட்டும் பாட்டுக்கு எழுந்திருக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை. ஜாக்கி வண்டி இன்னும் வந்துசேரவில்லை. கல்யாணப் பூ வாடி நாற்றமெடுக்கத் தொடங்கியிருந்தது. அதை இன்றைக்கே அகற்றிவிடும்படி செயலாளர் சொல்லியிருந்தார். கோயில்குட்டி பெண்கள் பக்கத்து முன்வரிசைகளுக்கு நடுவில் உதிர்ந்து கிடந்ததைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாசலில் நின்று பூவைக் கோணியில் திணித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தாள். முதலில் ஒரு மரம் முறிகிற சத்தம், பிறகு ஓடுகள், அதற்குப் பிறகு எல்லாமும் வெள்ளையாக இருந்தது என்று பின்னால் சொன்னாள். அவள்தான் எனக்கு ஃபோன் செய்தது. வெறும் அலறல்தான் கேட்டது.

நான் போனபோது தீயணைப்பு வண்டி வந்திருந்தது. உடைந்த ஜிப்சம் பலகைக்கும் தேக்குச் சட்டத்துக்கும் அடியிலிருந்து அவரை இழுத்தெடுத்தார்கள். முகம் முழுக்க வெள்ளை மாவு. வலது கை தோளிலிருந்து வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்து, "அக்கா, நான் பக்கெட் வச்சிருந்தேன்க்கா," என்றார். ஏன் அதைச் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் அவர் பக்கத்தில் மண்டியிட்டு அழுதேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதில் அதிகம்.

உயிர் பிழைத்தார். கையைத் தோள்பட்டையோடு எடுத்துவிட்டார்கள்.

அவர் ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளியும் முன்பே சபை வாட்ஸ்அப் குழுவில் ஃபோட்டோக்கள் வந்துவிட்டன. இடிபாட்டுக்கு நடுவில் பீடத்துச் சிலுவை மட்டும் அசையாமல் நிற்கும் படம். அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள். சனிக்கிழமை விழுந்திருந்தால்? ஞாயிற்றுக்கிழமை விழுந்திருந்தால்? யாருமில்லாத திங்கட்கிழமை பார்த்துக் கர்த்தர் விழவைத்தாரே, எப்பேர்ப்பட்ட அற்புதம்! இப்படியே ஓடியது. கோயில்குட்டி உள்ளே இருந்தாரே என்று நான் எழுதினேன். "அவருக்காகவும் ஜெபிப்போம்" என்று ஒருவர் பதில் போட்டார். அதற்குள் சிலுவைப் படம் அமெரிக்காவரை போய் வந்துவிட்டது.

நான் கமிட்டியிலிருந்து விலகவில்லை. விலகினால் நிம்மதியாகிவிடுவார்கள். ஓடுகளை முழுக்க இறக்கி, ஒவ்வொரு முனையையும் திறந்து பார்த்து, கெட்டுப்போன இடத்தில் புதுத் தேக்கு பொருத்தி, சுவரின் சிமென்ட்டைச் செதுக்கி மறுபடி சுண்ணாம்பு பூசும்வரை பக்கத்திலேயே நின்றேன். இந்த முறை யாரும் எள்ளளவுகூட மறுப்புச் சொல்லவில்லை. உட்கூரை வேண்டாம் என்றபோது செயலாளர் தலையாட்டினார். அவர் மெலிந்துபோயிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்திருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேனோ என்னவோ. கேட்டால்தானே கொடுப்பதற்கு.

கடைசிக் கூட்டத்தில் வேறொரு விஷயம் வந்தது. ஒற்றைக் கையோடு கோயில்குட்டியால் கோயிலைப் பெருக்கி, பெஞ்சு நகர்த்தி, மணியடிக்க முடியுமா? வேறு ஆள் போட்டால் அந்த வீட்டை அவனுக்குத்தானே கொடுக்கவேண்டும்? அவர் கை போனது இந்தக் கோயிலில், போகவைத்தது நாம் என்று மேஜையைத் தட்டிப் பேசினேன். ஜெபத்தில் வைத்தார்கள். அந்த வார்த்தை என்னை முதல்முறையாகப் பயமுறுத்தியது, ஏனென்றால் இந்த ஜெபத்துக்கு மட்டும் சீக்கிரமே பதில் வரும்.

வேலை முடிந்து கோயில் திறந்த ஞாயிறு, நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஆராதனை. அண்ணாந்தால் தேக்கு டிரஸ்கள் தெரிந்தன. எல்லோரும் அண்ணாந்து பார்த்து, இவ்வளவு அழகையா மறைத்து வைத்திருந்தோம் என்று ஆச்சரியப்பட்டார்கள். நான் பின்வரிசையில், கோயில்குட்டியின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஆண்கள் பக்கத்துப் பின்பெஞ்சில், சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தி உட்கார்ந்திருந்தார். காலையில் இடது கையால் மணியடித்திருந்தார். தாளம் தவறித்தான் அடித்தது, ஆனால் அடித்தது.

பிரசங்கத்துக்குப் பிறகு, ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரையும் காரணத்தையும் ஆயர் வாசிப்பார். மகனுக்கு விசா கிடைத்ததற்காக, பேத்தி பாஸானதற்காக, சர்க்கரை குறைந்ததற்காக. ஒவ்வொன்றுக்கும் சபை "ஸ்தோத்திரம்" என்று சொல்லவேண்டும். முதல் பெயர் செயலாளர் குடும்பம்.

"ஆலயத்தின் கூரை விழுந்த வேளையில், உள்ளே ஒருவரும் இல்லாதபடி காத்துக்கொண்ட தேவனுடைய கிருபைக்காக."

"ஸ்தோத்திரம்" என்றது சபை. அந்தப் பெரிய சத்தத்துக்கு அரைநொடி முன்பாக, எப்போதும்போல, பின்பெஞ்சிலிருந்து அவர் குரல் வந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஐயா என்று வாய் திறந்தும்விட்டேன். முன்னால் சில தலைகள் திரும்பின. பக்கத்திலிருந்தவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"வோணாங்க்கா," என்றாள், உதடு அசையாமல். "நீ பேசினா வூட்ட காலி பண்ண சொல்லிடுவாங்க. இந்தக் கைய வச்சிகினு அவர நான் எங்கக்கா இட்டும்போவேன்? உக்காருக்கா."

உட்கார்ந்தேன். ஆயர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்ததை வாசித்தார். பெருங்களத்தூரில் ஒரு குடும்பம் புதுவீடு கட்டிக் குடிபோயிருந்தது, அதற்காக. எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அவள் இன்னும் என் முந்தானையை விடவில்லை. நானும் ஸ்தோத்திரம் என்றேன்.